விண்டோஸ் 98-ல் தங்கிவிட்ட பைல்களை மீட்பது எப்படி?

வீட்டுக்குப் புதிய கம்ப்யூட்டர் வந்துவிட்டது. விண்டோஸ் 11 பளபளவென்று ஓடுகிறது. பழைய கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில் போய்விட்டது. சரி, அதில் இருக்கும் பைல்கள்? "இரண்டுக்கும் நடுவே ஒரு நெட்வொர்க் கேபிளைச் சொருகினால் போதும், இங்கிருந்து அங்கே இழுத்துப் போட்டுவிடலாம்" என்றுதான் பலரும் நினைக்கிறோம். கேபிளைச் சொருகிய பிறகுதான் விஷயம் தெரிகிறது. விளக்குகள் எரிகின்றன. ஆனால் புதிய கம்ப்யூட்டரில் பழையதன் பெயரே தென்படுவதில்லை. பழையதிலும் அப்படியே.

இது கேபிளின் கோளாறு அல்ல. உங்கள் தவறும் அல்ல. இரண்டு கம்ப்யூட்டர்களும் வேறு வேறு காலத்து மொழியைப் பேசுகின்றன. அந்த மொழி என்ன, புதிய விண்டோஸ் அதைப் பேச மறுப்பது ஏன், வீட்டைத் திருடனுக்குத் திறந்து வைக்காமல் பைல்களை எப்படி வெளியே எடுப்பது என்பவற்றை இந்தக் கட்டுரையில் வரிசையாகப் பார்ப்போம்.

பைல் சர்வர் என்றால் என்ன?

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். தன் ஹார்ட் டிஸ்க்கில் உள்ள ஒரு போல்டரை மற்ற கம்ப்யூட்டர்களுக்குத் திறந்துவிடும் எந்தக் கம்ப்யூட்டரும் பைல் சர்வர்தான். அந்தப் போல்டரை ஷேர் என்கிறோம். அதைத் தேடி வரும் கம்ப்யூட்டர் கிளையன்ட் ஆகும். பெரிய அலுவலகத்தில் இதற்கென்றே தனி மெஷின் இருக்கும். வீட்டிலோ சிறு கடையிலோ சாதாரணக் கம்ப்யூட்டரே இந்த வேலையையும் செய்யும்.

கிளையன்ட் "அந்த பைலைக் கொடு" என்று கேட்பதற்கும், சர்வர் "இந்தா" என்று கொடுப்பதற்கும் ஒரு பொது மொழி வேண்டும். அதற்குப் புரோட்டோகால் என்று பெயர். விண்டோஸ் உலகில் இந்த மொழியின் பெயர் எஸ்எம்பி. சர்வர் மெசேஜ் பிளாக் என்பதன் சுருக்கம் இது. 1980களின் தொடக்கத்தில் ஐபிஎம் நிறுவனத்தில் பேரி பைகன்பாம் என்பவர் இதை வடிவமைத்தார். பிறகு மைக்ரோசாப்ட் இதை எடுத்து வளர்த்தது. 1992-ல் வந்த விண்டோஸ் பார் வொர்க்குரூப்ஸ், 1995-ல் வந்த விண்டோஸ் 95, அடுத்து 98, எக்ஸ்பி எல்லாம் பேசியது இதன் முதல் தலைமுறையைத்தான். இன்று அதை எஸ்எம்பி1 என்கிறோம்.

விண்டோஸ் விஸ்டாவோடு எஸ்எம்பி2 வந்தது. 2012-ல் விண்டோஸ் 8 உடன் எஸ்எம்பி3 வந்தது. எக்ஸ்பி வரையுள்ள சிஸ்டங்களுக்கு முதல் தலைமுறை மொழி மட்டுமே தெரியும். இன்றைய விண்டோஸ் 11 அந்த மொழியைப் பேச விரும்புவதில்லை. இதுதான் சிக்கலின் வேர்.

கதவு ஏன் சாத்தப்பட்டது?

"பழையதைப் புரிந்துகொள்ளும் திறன் புதியதற்கு இருந்தால் என்ன குறைந்துவிடும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில் 2017-ல் இருக்கிறது.

அந்த ஆண்டு மே 12 அன்று வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுவதும் பரவியது. கம்ப்யூட்டரில் உள்ள பைல்களைப் பூட்டிவிட்டு, திறந்துவிடப் பணம் கேட்கும் வகையைச் சேர்ந்தது அது. யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியதில்லை. எஸ்எம்பி1-ல் இருந்த ஓர் ஓட்டை வழியாக ஒரு மெஷினிலிருந்து அடுத்த மெஷினுக்குத் தானே தாவியது. 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டதாக ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் கணக்கிட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டிய நிலை வந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். ஆதரவு நிறுத்தப்பட்டு 3 ஆண்டுகள் ஆகியிருந்த எக்ஸ்பிக்கும் கூட அவசரமாக ஓர் அப்டேட் தர வேண்டியதாயிற்று.

இதில் மட்டுமல்ல, பாஸ்வேர்டு விஷயத்திலும் பழைய மொழி பலவீனமானது. விண்டோஸ் 98 காலத்து முறை, நீங்கள் கொடுக்கும் பாஸ்வேர்டைப் பெரிய எழுத்துகளாக மாற்றி, ஏழு ஏழு எழுத்துகளாக இரண்டு துண்டாக்கித்தான் பயன்படுத்தும். ஒரு பெரிய பூட்டுக்குப் பதில் இரண்டு சிறு பூட்டுகள். உடைப்பவனுக்கு வேலை மிச்சம். விண்டோஸ் 95, 98-ல் ஷேருக்குப் போட்ட பாஸ்வேர்டில் முதல் எழுத்தை மட்டும் சரியாகச் சொன்னாலே உள்ளே நுழையலாம் என்ற ஓட்டையும் 2000-ல் வெளிப்பட்டு, அதற்கு அப்டேட் தரப்பட்டது.

2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து மைக்ரோசாப்ட் எஸ்எம்பி1-ஐப் படிப்படியாக நீக்கத் தொடங்கியது. 2024-ல் வந்த விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பு இன்னும் கறாரானது. அதன் புரோ பதிப்பு, பாஸ்வேர்டு கேட்காத ஷேர்களைக் கூடச் சாதாரணமாக ஏற்பதில்லை.

ஆக, கதவைச் சாத்தியது சரிதான். ஆனால் உள்ளே நம் சாமான்கள் இருக்கின்றனவே!

ஓர் அச்சகத்தின் கதை

என் பெரியப்பா ஒரு சிறு அச்சகம் நடத்துகிறார். கல்யாணப் பத்திரிகை, கோயில் மலர், உள்ளூர் எழுத்தாளர்களின் புத்தகம் என்று வேலை ஓடும். அங்கே ஒரு விண்டோஸ் 98 கம்ப்யூட்டர் இன்னும் இருக்கிறது. அதற்கும் எனக்கும் ஏறத்தாழ ஒரே வயது. தமிழ் எழுத்துருக்களுக்காக அவர் அந்தக் காலத்தில் வாங்கிய சாப்ட்வேர், பிரின்டர் போர்ட்டில் செருகும் லாக் இருந்தால்தான் திறக்கும். புதிய கம்ப்யூட்டரில் அந்த போர்ட்டே கிடையாது. அதனால் அந்த மெஷினை அவர் தூக்கிப்போடவில்லை.

சென்ற ஆண்டு ஓர் அம்மா அச்சகத்துக்கு வந்தார். அவருடைய தந்தை பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தம் ஊரின் வரலாற்றை ஏரி, குளம், கோயில், வம்சாவளி என்று விசாரித்து விசாரித்து எழுதி, 2004-ல் இதே அச்சகத்தில் புத்தகமாகப் போட்டவர். அவர் காலமாகிவிட்டார். கையெழுத்துப் பிரதி இல்லை. வீட்டில் இருந்த ஒரே புத்தகத்தைக் கரையான் பாதி தின்றுவிட்டது. "மறுபடியும் அச்சடிக்க முடியுமா?" என்று கேட்டார். முழுப் புத்தகமும் பேஜ்மேக்கர் பைலாக அந்த விண்டோஸ் 98 மெஷினில் மட்டுமே இருந்தது.

பெரியப்பா எனக்குப் போன் செய்தார். "ஏம்ப்பா, நீ கம்ப்யூட்டர் இன்ஜினீயர்தானே, ஒரு ஒயரைச் சொருகி எடுத்துக் குடுத்துர மாட்டியா?" என்றார்.

போய்ப் பார்த்தேன். பிளாப்பி டிரைவ் படிக்கவில்லை. சிடி டிரைவ் படித்தது. ஆனால் எழுதத் தெரியாத பழைய வகை. பென் டிரைவைச் செருகினால் விண்டோஸ் 98 டிரைவர் கேட்டது. பென் டிரைவ்களைப் பொதுவாக ஏற்றுக்கொள்ளும் வசதி விண்டோஸ் 98-ல் கிடையாது. அடுத்து வந்த விண்டோஸ் மில்லெனியத்தில்தான் அது சேர்க்கப்பட்டது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி ஐடிஇ-யுஎஸ்பி அடாப்டரில் மாட்டிப் படிப்பதும் ஒரு நல்ல வழிதான். மெஷினே ஓடவில்லை என்றால் அதுதான் முதல் வழி. ஆனால் இங்கே மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, வேலையும் பார்க்கிறது. இருபது ஆண்டுக்கு மேல் சுழன்ற டிஸ்க்கை அசைக்க எனக்கு மனம் வரவில்லை. மிச்சமிருந்தது, பின்புறத்தில் தூசி படிந்திருந்த நெட்வொர்க் கார்டு.

நடுவில் ஒரு பாலம்

விண்டோஸ் 98-ஐயும் விண்டோஸ் 11-ஐயும் நேரடியாகப் பேச வைக்கப் பலர் முயல்கிறார்கள். புதிய கம்ப்யூட்டரின் பாதுகாப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினால் ஏதோ ஒரு கட்டத்தில் அது நடக்கவும் கூடும். ஆனால் அப்படிக் கழற்றிய கம்ப்யூட்டரில்தான் நீங்கள் நாளைக்கு வங்கிக் கணக்கைத் திறப்பீர்கள். எனவே வேண்டாம்.

பழைய மொழியும் தெரிந்து, புதிய காலத்துப் பொருளையும் கையாளத் தெரிந்த ஒருவரை நடுவில் நிறுத்துவதுதான் நல்ல வழி. விண்டோஸ் எக்ஸ்பி அதற்கு மிகப் பொருத்தமானது. எஸ்எம்பி1 அதன் தாய்மொழி. பென் டிரைவையும் தானாகவே ஏற்கும். விண்டோஸ் 98-லிருந்து கேபிள் வழியாக எக்ஸ்பிக்கு, எக்ஸ்பியிலிருந்து பென் டிரைவ் வழியாகப் புதிய கம்ப்யூட்டருக்கு. பழைய இரண்டும் இன்டர்நெட்டைத் தொடவே தொடாது. பழைய எக்ஸ்பி லேப்டாப் ஒன்று தெரிந்தவர் வீட்டுப் பரணில் நிச்சயம் இருக்கும். கேட்டுப் பாருங்கள்.

தேவையான பொருள்கள்

நெட்வொர்க் கார்டு உள்ள விண்டோஸ் 98 கம்ப்யூட்டர். கார்டின் டிரைவர் ஏற்கெனவே பதியப்பட்டிருக்க வேண்டும். விண்டோஸ் 98 சிடியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நெட்வொர்க் அமைப்பை மாற்றும்போது அது சிடியைக் கேட்கும்.

சர்வீஸ் பேக் 2 அல்லது 3 உள்ள விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர்.

கிராஸ்ஓவர் கேபிள் ஒன்று. பழைய கார்டுகளை நேருக்கு நேர் இணைக்கச் சாதாரண கேபிள் போதாது. கிராஸ்ஓவர் கிடைக்கவில்லை என்றால் ஒரு சிறு நெட்வொர்க் சுவிட்சும் இரண்டு சாதாரண கேபிள்களும் போதும். வீட்டு இன்டர்நெட் ரவுட்டரில் மட்டும் செருகிவிடாதீர்கள்.

32 ஜிபி அல்லது அதற்கும் குறைவான பென் டிரைவ். இதைப் புதிய கம்ப்யூட்டரில் எப்ஏடி32 முறையில் பார்மட் செய்துகொள்ளுங்கள். பெரிய பென் டிரைவ்கள் எக்ஸ்எப்ஏடி முறையில் வரும். எக்ஸ்பி தனி அப்டேட் இல்லாமல் அதைப் படிக்காது.

முதலில் எக்ஸ்பியைத் தயார் செய்வோம்

1. எக்ஸ்பி லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிடுங்கள்.

2. கன்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ் திறந்து, லோக்கல் ஏரியா கனெக்‌ஷன் மீது ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுக்கவும். பட்டியலில் இன்டர்நெட் புரோட்டோகால் டிசிபி/ஐபி என்ற வரியில் இரட்டைக் கிளிக் செய்யவும். ஐபி முகவரியாக 192.168.50.1 என்றும், சப்நெட் மாஸ்க்காக 255.255.255.0 என்றும் கொடுக்கவும். கேட்வே, டிஎன்எஸ் கட்டங்களைக் காலியாக விடவும். வெளியுலகுக்கு வழி இல்லை என்பதை இப்படித்தான் உறுதி செய்கிறோம்.

3. மை கம்ப்யூட்டர் மீது ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், கம்ப்யூட்டர் நேம் டேப். கம்ப்யூட்டருக்குப் பாலம் என்று ஆங்கில எழுத்துகளில் பெயர் வைக்கலாம். பெயர் 15 எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும். வொர்க்குரூப் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். ஓகே அழுத்தி ரீஸ்டார்ட் செய்யவும்.

4. சி டிரைவில் ஒரு புதிய போல்டர் உருவாக்குங்கள். பெயர் பொது என்று வைத்துக்கொள்வோம்; இதையும் ஆங்கில எழுத்துகளில்தான் டைப் செய்ய வேண்டும். அதில் ரைட் கிளிக் செய்து ஷேரிங் அண்ட் செக்யூரிட்டி தேர்ந்தெடுக்கவும். முதல் தடவை என்றால் நெட்வொர்க் செட்டப் விஸார்டை ஓட்டச் சொல்லும், ஓட்டிவிடுங்கள். கடைசியில் ஷேரிங் பகுதியில் இரண்டு கட்டங்களையும் டிக் செய்யவும். ஒன்று, நெட்வொர்க்கில் பகிர்வதற்கு. மற்றொன்று, நெட்வொர்க்கில் வருபவர் பைல்களை மாற்ற அனுமதிப்பதற்கு. இரண்டாவது இல்லாவிட்டால் விண்டோஸ் 98 இந்தப் போல்டரைப் பார்க்கும், ஆனால் எதையும் எழுத முடியாது.

5. கன்ட்ரோல் பேனலில் விண்டோஸ் பயர்வால் திறந்து, எக்ஸப்ஷன்ஸ் டேபில் பைல் அண்ட் பிரின்டர் ஷேரிங் டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு முக்கிய விஷயம்: ஷேரின் பெயர் 12 எழுத்துகளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் விண்டோஸ் 98-ன் கண்ணுக்கு அது தெரியாது. எந்த எச்சரிக்கையும் வராது. மணிக்கணக்கில் தேட வைக்கும் சிறு விஷயம் இது.

அடுத்து விண்டோஸ் 98

1. டெஸ்க்டாப்பில் நெட்வொர்க் நெய்பர்ஹுட் மீது ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுக்கவும். பட்டியலில் கிளையன்ட் பார் மைக்ரோசாப்ட் நெட்வொர்க்ஸ், உங்கள் நெட்வொர்க் கார்டின் பெயர், அந்தக் கார்டுக்கான டிசிபி/ஐபி என்ற மூன்றும் இருக்க வேண்டும். இல்லாததை ஆட் பட்டனை அழுத்திச் சேர்க்கவும்.

2. டிசிபி/ஐபி வரியில் இரட்டைக் கிளிக் செய்து, ஐபி முகவரி 192.168.50.2 என்றும், சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்றும் கொடுக்கவும்.

3. ஐடென்டிபிகேஷன் டேபில் கம்ப்யூட்டருக்கு ஒரு தனிப் பெயரும், எக்ஸ்பியில் குறித்துக்கொண்ட அதே வொர்க்குரூப் பெயரும் கொடுக்கவும்.

4. பைல் அண்ட் பிரின்டர் ஷேரிங்கை இங்கே இயக்க வேண்டாம். விண்டோஸ் 98 கிளையன்ட்டாகப் போய் எக்ஸ்பியிடம் பைல்களைக் கொடுத்தால் போதும். அதன் சொந்தக் கதவைத் திறக்க வேண்டிய அவசியம் இல்லை. மேலே சொன்ன முதல் எழுத்து ஓட்டை நினைவிருக்கிறதல்லவா?

5. ரீஸ்டார்ட் ஆனதும் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் பெட்டி வரும். ஏதாவது ஒரு பெயர் கொடுத்து ஓகே அழுத்தவும். பலர் வழக்கமாக எஸ்கேப் தட்டி இதைத் தாண்டிவிடுவார்கள். அப்படித் தாண்டினால் கம்ப்யூட்டர் வேலை செய்யும், ஆனால் நெட்வொர்க்குக்குள் நுழைய முடியாது.

இணைத்துப் பார்ப்போம்

கேபிளைச் செருகுங்கள். விண்டோஸ் 98-ல் எம்எஸ்-டாஸ் பிராம்ப்ட் திறந்து பிங் கட்டளையை 192.168.50.1 என்ற முகவரியோடு கொடுத்து என்டர் தட்டவும். ரிப்ளை என்று தொடங்கும் நான்கு வரிகள் வந்தால் கேபிளும் ஐபி முகவரியும் சரி. டைம்டு அவுட் என்று வந்தால் கேபிள், முகவரி, பயர்வால் என்ற வரிசையில் சோதியுங்கள்.

பிறகு ஸ்டார்ட், ரன் சென்று, பேக்ஸ்லாஷ் எனப்படும் பின்சாய்வுக் கோட்டை இரண்டு முறை தட்டி, எக்ஸ்பியின் பெயர், மீண்டும் ஒரு பேக்ஸ்லாஷ், ஷேரின் பெயர் என்று டைப் செய்யவும். நம் எடுத்துக்காட்டில் \\பாலம்\பொது என்ற வடிவில் வரும். என்டர் தட்டினால் காலியான ஒரு போல்டர் விண்டோ திறக்கும். அந்த வெறும் விண்டோவைப் பார்க்கும்போது வரும் சந்தோஷம் இருக்கிறதே, அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்!

நெட்வொர்க் நெய்பர்ஹுட் பட்டியலில் எக்ஸ்பியின் பெயர் வரவில்லையே என்று கலங்க வேண்டாம். அந்தப் பட்டியல் தயாராகச் சில நேரம் பத்து நிமிடத்துக்கு மேலும் ஆகும். ரன் பெட்டியில் பெயரை நேரடியாகக் கொடுப்பதே விரைவான வழி.

சில சிக்கல்கள்

ஐபிசி டாலர் என்ற ஒன்றுக்குப் பாஸ்வேர்டு கேட்கிறதா? எக்ஸ்பி உங்களை விருந்தினராக ஏற்கவில்லை என்று பொருள். எக்ஸ்பியில் நெட்வொர்க் செட்டப் விஸார்டை மீண்டும் ஓட்டி, பைல் ஷேரிங்கை இயக்கும் தேர்வைக் கொடுங்கள். சரியாகிவிடும்.

பிங் வேலை செய்கிறது, ஷேர் திறக்கவில்லையா? கம்ப்யூட்டர் பெயரில் எழுத்துப் பிழை, ஷேர் பெயரின் நீளம், பயர்வால் இவற்றைப் பாருங்கள்.

விண்டோஸ் 95 வைத்திருக்கிறீர்களா? அதில் டிசிபி/ஐபி தானாக வந்திருக்காது. நெட்பியூ, ஐபிஎக்ஸ் என்ற பழைய புரோட்டோகால்கள் மட்டும் இருக்கும். ஆட் பட்டன் வழியாக மைக்ரோசாப்ட் பகுதியில் டிசிபி/ஐபியைச் சேர்த்துவிட்டால் மேலே சொன்ன முறையே போதும்.

காப்பி செய்யும்போது

விண்டோஸ் 98-ல் உங்கள் பைல்கள் உள்ள போல்டர்களை எக்ஸ்பி ஷேருக்குள் காப்பி செய்யுங்கள். கட் செய்யாதீர்கள், காப்பி மட்டும். பழைய இடத்தில் ஒரு பிரதி இருக்கட்டும்.

முடிந்ததும் இரண்டு பக்கமும் அந்தப் போல்டர் மீது ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பாருங்கள். பைல்களின் எண்ணிக்கையும் மொத்த பைட் அளவும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். டிஸ்க்கில் எடுத்துக்கொண்ட இடம் வேறுபடலாம். அதைப் பொருட்படுத்த வேண்டாம். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்தான் ஆகும். இதைச் செய்யாமல் பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்கு அனுப்பக் கூடாது.

தமிழில் டைப் செய்த பைல்கள் இருந்தால் எழுத்துருக்களையும் மறக்காமல் எடுங்கள். விண்டோஸ் போல்டருக்குள் பான்ட்ஸ் என்ற போல்டரில் இருக்கும். யூனிகோட் பரவுவதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தமிழ் எழுத்துகளுக்கு வேறு வேறு எண் வரிசை வைத்திருந்தது. 1999-ல் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு தரங்களை அறிவித்த பிறகும் பழைய எழுத்துருக்கள் புழக்கத்தில் இருந்தன. எழுத்துரு இல்லாமல் பைலை மட்டும் எடுத்து வந்தால் திரையில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பைதான் தெரியும்.

அச்சகத்திலும் முதலில் அப்படித்தான் தெரிந்தது. ஊர் வரலாற்றின் முதல் அத்தியாயம் என் லேப்டாப்பில் கிறுக்கலாக நின்றதைப் பார்த்துப் பெரியப்பாவின் முகம் வாடிவிட்டது. எழுத்துரு பைலை இன்ஸ்டால் செய்ததும் அதே கிறுக்கல் தமிழாக மாறியது. பேஜ்மேக்கர் பைல்களைப் புதிய சாப்ட்வேர்கள் திறப்பதில்லை என்பதால், பழைய மெஷினிலேயே ஒவ்வொரு அத்தியாயத்தையும் டெக்ஸ்ட் பைலாக எக்ஸ்போர்ட் செய்து, அவற்றையும் இதே கேபிள் வழியாகக் கொண்டு வந்தோம். பின்னர் எழுத்துரு மாற்றி ஒன்றின் மூலம் யூனிகோடாக மாற்றினேன். ஆசிரியரின் மகள் பிழை திருத்த உட்கார்ந்தார். கரையான் தின்ற பக்கங்களில் ஒன்றில் அவருடைய பாட்டியின் பெயர் இருந்தது. அதை நிறுத்தி நிறுத்தி இரண்டு முறை வாசித்தார்.

புதிய கம்ப்யூட்டரில் பென் டிரைவைச் செருகியதும் பைல்களைத் திறக்க அவசரப்பட வேண்டாம். முதலில் வைரஸ் ஸ்கேன். பழைய கம்ப்யூட்டர்களில் பழைய வைரஸ்களும் தூங்கிக்கொண்டிருக்கும்.

எக்ஸ்பி கிடைக்காதவர்களுக்கு

லினக்ஸ் கம்ப்யூட்டர் ஒன்றும் பாலமாக வேலை செய்யும். அதில் ஓடும் சாம்பா என்ற இலவச சாப்ட்வேர், எஸ்எம்பி மொழியின் எல்லாத் தலைமுறைகளையும் பேசும். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் எழுதி 1992 தொடக்கத்தில் வெளியிட்டது அது. எஸ், எம், பி என்ற மூன்று எழுத்துகளும் அதே வரிசையில் வரும் சொற்களைக் கம்ப்யூட்டர் அகராதியில் தேடி, கிடைத்தவற்றில் சாம்பாவைத் தேர்ந்தெடுத்துப் பெயர் வைத்தார். 2019-ல் வந்த 4.11 பதிப்பிலிருந்து சாம்பாவும் எஸ்எம்பி1-ஐத் தானாக இயக்குவதில்லை. அமைப்பு பைலில் நாமே அனுமதி கொடுக்க வேண்டும். விண்டோஸ் 98-க்கு என்றால் பழைய பாஸ்வேர்டு முறைக்கும் தனியாக அனுமதி தர வேண்டும். லினக்ஸ் தெரிந்த நண்பர் உடனிருந்தால் செய்யலாம். வேலை முடிந்ததும் அந்த அனுமதிகளைத் திரும்ப எடுத்துவிட வேண்டும்.

பழைய மேக்கின்டாஷ் வைத்திருப்பவர்களுக்கும் இதே தத்துவம்தான். அவற்றின் மொழி ஏஎப்பி. அதைப் பேசும் பாலம், லினக்ஸில் ஓடும் நெட்டாடாக் என்ற இலவச சாப்ட்வேர்.

பழைய நெட்வொர்க் டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு

சிலர் வீட்டில் நாஸ் எனப்படும் நெட்வொர்க் டிஸ்க் பெட்டி இருக்கும். குடும்பப் படங்கள் எல்லாம் அதில் இருக்கும். புதிய விண்டோஸ் 11 வாங்கியதும் அந்தப் பெட்டி காணாமல் போகும். அல்லது, இந்த ஷேர் வழக்கொழிந்த எஸ்எம்பி1-ஐக் கேட்கிறது, பாதுகாப்பில்லை என்ற செய்தி வரும். பெட்டி கெட்டுவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம்.

முதலில் அந்தப் பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் எஸ்எம்பி2 அல்லது எஸ்எம்பி3 என்ற தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனத்தின் புதிய பர்ம்வேர் கிடைத்தால் போடுங்கள். பல பெட்டிகள் இதிலேயே சரியாகிவிடும். எதுவும் இல்லை என்றால் மட்டும், கன்ட்ரோல் பேனலில் புரோகிராம்ஸ் பகுதியில் டர்ன் விண்டோஸ் பீச்சர்ஸ் ஆன் ஆர் ஆப் திறந்து, எஸ்எம்பி 1.0 என்று தொடங்கும் வரியை விரித்து, அதில் கிளையன்ட் என்பதை மட்டும் டிக் செய்யுங்கள். சர்வர் என்பதைத் தொடாதீர்கள். இந்த வேலை நடக்கும்போது ரவுட்டருக்கு வரும் இன்டர்நெட் இணைப்பைக் கழற்றி வையுங்கள். ரீஸ்டார்ட் செய்து, பைல்களை எல்லாம் வேறு டிஸ்க்கில் காப்பி செய்து, உடனே அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். எஸ்எம்பி1-ஐ அந்தக் காப்பி முடியும் வரை மட்டுமே இயக்க வேண்டும்.

கடைசியாக

பழைய கம்ப்யூட்டரில் எது இருக்கிறது என்று உங்களுக்கே இப்போது நினைவிருக்காது. குழந்தையின் முதல் பிறந்தநாள் படமாக இருக்கலாம், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் நகலாக இருக்கலாம். அந்த ஹார்ட் டிஸ்க் இன்றைக்குச் சுழல்கிறது என்பதற்காக அடுத்த தீபாவளிக்கும் சுழலும் என்ற உத்தரவாதம் இல்லை. எனவே ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்று ஒதுக்குங்கள். எடுத்த பைல்களை இரண்டு இடங்களில் வையுங்கள். கேபிளைக் கழற்றி, எக்ஸ்பியில் அந்த ஷேரை நீக்கிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.